இருபத்திரண்டு கதவுகள்

மூன்றாம் மாடிப் பயிற்சி வீட்டைக் காலி செய்யச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்ட இருபத்திரண்டு வீடுகளின் வாசல் கதவுகளும் மறுநாள் காலை திறக்கவில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பை வண்டி வருகிற நாள். பூட்டுக்காரர் வெளியே நின்று பூட்டுகளைக் கழற்றினார், கீல்களுக்கு எண்ணெய் விட்டார், தோளால் முட்டினார். கடைசியில் கதவுகளில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பயிற்சி வீட்டை நடத்தியவர் ஒரு பெரிய ஹோட்டலில் இருபது வருடம் அறைகளைப் பராமரிக்கும் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். எல்லோருக்கும் டீச்சர். அவரிடம் ஆறு பேர் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் என்றும் வேறு பெயர்களிலும் அவர்களுக்கு டாக்டர்கள் சீட்டு எழுதியிருந்தார்கள். வேலை மட்டும் யாரும் கொடுத்திருக்கவில்லை. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிப்பது, அடுப்பைப் பற்றவைத்து மறக்காமல் அணைப்பது, சரியான பஸ்ஸில் ஏறிச் சரியான இடத்தில் இறங்குவது, பிடிக்காததை 'மாட்டேன்' என்று சொல்வது எல்லாம் அங்கே பாடம். குழந்தைகள் பயப்படுகிறார்கள், லிப்டில் அவர்களோடு நிற்க முடியவில்லை, வீடுகளின் மதிப்பு விழுகிறது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தன் அழகான கையெழுத்தில் மனு எழுதியிருந்தார்.

ஆறு பேரில் ஒருத்தி லாரி டிரைவரின் மகள், இருபத்து நாலு வயது. மணி கேட்டால் நொடியோடு சொல்லுவாள். அதனால் குடியிருப்பில் அவளுக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்துப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்கள். "அலாரம் அடிக்கும். நான் சொல்றேன்," என்று அவள் ஒவ்வொரு முறையும் திருத்தினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் பழகிவிட்டுத் திரும்பியவள், இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் பொறுக்காமல் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை எடுத்து, மிக அருகில் அதிர்ந்துகொண்டிருந்த செயலாளர் வீட்டுக் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. சத்தம் ஒன்று குறைந்தது. மீதி இருபத்தொன்றையும் தள்ளி, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாலைக் காய்ச்சப் போனாள்.

இரவு ஒன்பது மணிக்குக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன. முட்டுக்கொடுத்து வைத்த நாற்காலிகள் நொறுங்கின. ஒருவர் கதவையே கழற்றிப் பரணில் போட்டார். காலையில் வாசல் நிலைக்குள் வெள்ளையடித்த சுவர் நின்றது, அவள் கை பட்டதும் விலகியது. மனுவைக் கிழித்துப் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. போலீஸ்காரர் வந்து, இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஆறு பேரில் யார் தள்ளினாலும் கதவுகள் திறந்தன. ஆனால் மற்ற ஐந்து பேரும் மாட்டேன் என்றார்கள். பாடம் நன்றாக ஏறியிருந்ததால் டீச்சர் வற்புறுத்தவில்லை. அவள் மட்டும், இது நேரப்படி நடக்கிற வேலை என்பதால் ஒத்துக்கொண்டாள். காலை ஆறு நாற்பதுக்குக் கீழ்த்தளம், ஆறு ஐம்பத்தொன்றுக்கு மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு இருபத்திரண்டு குடும்பங்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தன.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. அவள்தான் ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் செயலாளர் உள்ளேயிருந்து, "சீக்கிரம் தொறடி, பைத்தியம்!" என்று கத்தினார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "அது என் பேரில்ல," என்று கதவிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்றைக்குத்தான் செயலாளரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பட்டு வேட்டியோடு அவர் நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கட்டியிருந்த பட்டுப்புடவையை மாற்றி, மடித்துப் பீரோவில் வைத்தார். மறுநாள் கதவு திறந்ததும் அந்த அம்மாள் மட்டும், "நேத்து சரியாத்தாம்மா செஞ்சே," என்றார்.

மூன்று வருடம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைக்கும்போல இருந்தது. விரிப்புகளைப் பிரித்து, மடித்து, வார்டுவாரியாக அடுக்குகிற வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். செய்தி தெரிந்ததும் குடியிருப்பு கொதித்தது. அவள் போய்விட்டால் கதவுகள்? செயலாளர் மறுபடி பேனாவை எடுத்தார். இந்தப் பெண்ணுக்கு வேலைக்குப் போகும் பக்குவமில்லை, தனியாக ரோட்டைக் கூடக் கடக்கத் தெரியாது, நாங்கள் மூன்று வருடமாகப் பார்க்கிறோம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினார். இருபத்தொரு வீடு கையெழுத்துப் போட்டது. இந்த முறை வீட்டுக்கு ஒரு கையெழுத்துத்தான் என்பதால், செயலாளரின் மனைவி முந்திக்கொண்டு தங்கள் வீட்டுக்கான இடத்தில் தன் பெயரை எழுதி, அதன் மேலேயே கோடு போட்டு அடித்துவிட்டார்.

சலவைப் பிரிவின் தலைவி கடிதத்தைப் படித்துவிட்டு அவளை அழைத்தாள்.

"இவங்கல்லாம் யாரு?"

"நான் கதவு தொறந்து விடறவங்க."

"எத்தனை நாளு லேட்டாப் போயிருக்கே?"

"ஒருநாளும் இல்ல. ஒருநாள் ஒரு கதவு மட்டும் தொறக்கல. அது லேட் இல்ல, வேணும்னே."

தலைவி வாய்விட்டுச் சிரித்தாள். திங்கட்கிழமை வரச் சொன்னாள்.

அப்பா அவளுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒற்றை அறை பார்த்துக் கொடுத்தார். 'எனக்கப்புறம் இவளுக்கு யாரு' என்று லாரி ஓட்டும்போதெல்லாம் தனக்குள் புலம்பியவர், மெத்தையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். குழாயைத் திறந்து மூடினார். "ராத்திரி பயமா இருந்தா போன் பண்ணும்மா," என்று மூன்று முறை சொன்னார்.

"சரிப்பா. பத்து நிமிஷம் ஆச்சு. நீங்க கெளம்பலாம்," என்றாள் அவள்.

படி இறங்கி, லாரிக்குள் ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அவர் வண்டியை எடுத்தார்.

கதவுகளை விட்டுவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டாள். "விட்டுடலாம். உன் இஷ்டம்," என்றார் டீச்சர். இரண்டு நாள் யோசித்தாள். ஒரு கதவுக்குப் பின்னால் செயலாளரின் மனைவி இருக்கிறார், மற்றக் கதவுகளுக்குப் பின்னால் எட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினாள்: 'வேலை நாட்களில் காலை ஐந்து மணி. ஒரே தடவை.'

அன்றிலிருந்து அவள் ஷிப்டுக்கு முன்னால் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு போய், ஐந்து பதினொன்றுக்குத் திரும்பி இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தாள். கதவு திறந்துவிட்டாலும் மறுபடி சாத்திக்கொள்ளுமோ என்ற சந்தேகத்தில் குடியிருப்பே கீழே இறங்கிவிடும். பள்ளிப் பையோடு குழந்தைகள், டை கட்டிய ஆபீஸ்காரர்கள், சால்வை போர்த்திய கிழவர்கள், எல்லோரும் விடியாத தெருவில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். அவளிடம் யாரும் பேசவில்லை. செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் புதிதாக ஏறியவர்கள் எட்டிப் பார்த்து, என்ன விபத்தா என்று கேட்பார்கள். "அந்த பில்டிங் அப்படித்தாங்க," என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பார். இப்போது அங்கே வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் காற்றோட்டம், தண்ணீர் வசதி என்று எழுதி, அதற்குக் கீழே, விடியற்காலையில் எழுந்திருப்பவர்கள் மட்டும் அணுகவும் என்றும் எழுதுகிறார்கள்.