அட்டையின் கடைசி வரி

"டீச்சர், நாரைக்கு எண்ணத் தெரியுமா?"

ஏப்ரல் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் இலின்கா இப்படிக் கேட்டபோது நான்காம் வகுப்பே சிரித்தது. வியோரிக்கா டீச்சர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கடைசி மணி அவர் வகுப்பில் 'சொந்தக் கேள்வி' நேரம். பாடப்புத்தகமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஒருவன் சைக்கிள் டைனமோவைப் பிரித்துப் பார்ப்பான். ஒருத்தி ரொட்டிமாவு ஏன் பொங்குகிறது என்று ஜாடியில் வைத்துக் காத்திருப்பாள்.

"எனக்குத் தெரியாதேம்மா. நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

பள்ளிக்கு எதிரே மின்கம்பத்தின் உச்சியில் ஒரு நாரைக் கூடு இருந்தது. இலின்காவின் அம்மா ஸ்ட்ராபெர்ரி பறிக்க ஸ்பெயினுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு மர ஆலையில் வேலை. ஜன்னலோரம் நின்று வெகுநேரம் காத்திருக்கப் பழகிய பிள்ளை அவள். கூட்டில் நான்கு குஞ்சுகள் பொரித்தன. பெரிய நாரைகள் எத்தனை முறை இரை கொண்டுவருகின்றன என்று இடைவேளைதோறும் நோட்டில் கோடு போட்டாள். மே மாதக் கடைசியில் ஒரு குஞ்சு செத்துக் கீழே கிடந்தது. அதற்குப் பிறகும் போட்டாள். கோடுகள் குறையவுமில்லை, கூடவுமில்லை. கடைசிப் பக்கத்தில் பிழையும் அடித்தலுமாக எழுதினாள்: "ஒண்ணு கொறஞ்சது அதுக்குத் தெரிஞ்சுச்சான்னு எனக்கு இன்னும் தெரியல."

ஜூனில் பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுகளுக்கான மாவட்டக் கண்காட்சி. அதற்குப் போகும் விளக்க அட்டைகளை ஆசிரியர்களே 'சுத்தமாக' எழுதிக் கொடுப்பார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். எல்லாப் பள்ளியிலும் அதுதான் வழக்கம். டீச்சர் அந்த வருடம் சிறப்பு ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பித்திருந்தார். மாணவர் பரிசு ஒன்று சேர்ந்தால் நல்லது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து டீச்சர் இலின்காவின் அட்டையை எழுத உட்கார்ந்தார். 'தெரியல' என்று முடிக்க மனம் வரவில்லை. "ஆகவே, நாரைகள் தம் குஞ்சுகளை எண்ணுகின்றன" என்று முத்து முத்தாக எழுதி முடித்தார்.

கண்காட்சியில் நடுவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அடேங்கப்பா! எண்ணுதா? எப்படிப் பாப்பா கண்டுபிடிச்ச?"

"எண்ணுதுன்னு நான் சொல்லலையே சார்."

"இங்க எழுதியிருக்கே. அப்போ இதை எழுதினது யாரு?"

டீச்சர் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். முகம் சிவந்தது. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். இலின்கா ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார். ஒரு புஸ்தகத்தைப் பார்த்துக் காப்பியடிச்சேன்."

நடுவர் உச்சுக்கொட்டிவிட்டு பட்டியலில் அவள் போட்டி எண்ணை அடித்துவிட்டார். காந்தத்தைப் பற்றி ஜெபம்போல் ஒப்பித்த பையன் முதல் பரிசு வாங்கினான்.

திரும்பும் பேருந்தில் வகுப்புத் தோழன் சில்வியு ஆரம்பித்தான். "ஏய், காப்பி நாரை! எத்தனை பரிசு வாங்கின? எண்ணிச் சொல்லு பார்ப்போம்!" பேருந்தே சிரித்தது. முன் இருக்கையில் இருந்த டீச்சர் திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்காட்சியிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பட்டியல் பள்ளிப் பலகையில் ஒட்டப்பட்டது. "பார்த்தீங்களா டீச்சர், இஷ்டத்துக்கு விட்டா இப்படித்தான். வெள்ளிக்கிழமை கணக்கு நடத்துங்க" என்றார் தலைமையாசிரியர். நடத்தினார். ஒரு நாள் மணி அடித்த பிறகு, "அடுத்த கேள்வி என்னம்மா?" என்று இலின்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

பரிசு இல்லாமலே டீச்சருக்குத் தகுதி கிடைத்தது. எல்லாரும் கைகொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் பாவமன்னிப்புக்குப் போனார்.

பாதிரியார் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "கடவுள் மன்னிச்சிருவாரு, வியோரிக்கா. ஆனா கெட்ட பேரு வாங்கினது கடவுள் இல்லையே. அதைச் சரிபண்ணிட்டு வா. அப்புறம் நற்கருணை வாங்கிக்கலாம்."

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடிய மறுநாள் டீச்சர் கண்காட்சிக் குழுவுக்கு எழுதினார். அட்டையில் உள்ள கையெழுத்தும் கடைசி வரியும் என்னுடையவை. கேள்வியும் கோடுகளும் பிள்ளையுடையவை. தெரியாததைத் தெரியாது என்று எழுதியவள் அவள் ஒருத்திதான். என்னைக் காப்பாற்றவே அவள் பொய் சொன்னாள். அவள் பெயரிலிருந்து பழியை நீக்கித் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள், தகுதிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக் கையொப்பமிட்டார்.

முதலில் இலின்காவின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல நினைத்தார். சொன்னால் அந்தப் பிள்ளை "பரவாயில்ல டீச்சர்" என்று சொல்லிவிடும். அதையும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள மனம் கூசியது.

உச்சிவேளை. ஊர் முழுக்க புல் அறுக்கப் போயிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. டீச்சர் தனியே நடந்து அஞ்சல் பெட்டியருகில் நின்றார், கடிதத்தை உள்ளே விட்டார், அது அடியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகே கையை எடுத்தார்.