புல்தரையில் எழுந்த புற்று

என் வீட்டுக்காரர் பவுல்பாண்டியன் வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஓய்வுபெற்று வரும்போது ஒரு பைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்தார். துரை பங்களா முன்னால் இருந்தது போல எங்கள் வீட்டு முன்னாலும் பச்சைப் புல்தரை வேண்டுமாம். சங்கரன்கோவிலில்! ஆடிக் காற்றில் சோற்றில்கூட மண் விழுகிற ஊரில்! இங்கே வாசலில் ஒரு பூண்டு முளைத்தாலே பிடுங்கி எறிந்துவிட்டுச் சாணி தெளிப்பார்கள். இவரோ சிவகிரிக் குளத்திலிருந்து வண்டி வண்டியாகக் கரம்பை மண் அடித்து, அருகம்புல்லைக் கணுக்கணுவாக நட்டு, கிணற்றுத் தண்ணீரையெல்லாம் அதற்கே இறைத்தார். பெரிய கத்தரியை வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு ஓரம் வெட்டுவார். ஜெபத்தில்கூட அவ்வளவு நேரம் அவர் முழங்காலில் நின்று நான் பார்த்ததில்லை.

மக்காத சாணியை உரமாகப் போடாதீர்கள், கரையான் வரும் என்று தலையால் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? கரையான் வந்தது. ரோட்டோரக் கம்பிவேலி மூலையில் முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பி நின்றது. பச்சைப் புல் நடுவே செக்கச்செவேலென்று அது நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழா. விடிந்ததிலிருந்து எங்கள் ராஜபாளையம் ரோட்டில் சனங்கள் கோவிலுக்கு நடந்துகொண்டே இருந்தார்கள். நான் துணி காயப்போட முன்பக்கம் வந்தேன். புற்றின் மேல் மஞ்சள் தூவி, குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தது. பக்கவாட்டில் கைவிட்டு மண்ணை அள்ளிய பள்ளம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். சொறி சிரங்கு வந்தால் குழைத்துப் பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். ஊரே அறிந்த விஷயம்.

"இங்க வந்து பாருங்க! உங்க புல்லுக்கும் சாமி வந்துட்டு" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"காலைல அதுல எண்ட்ரின் ஊத்தினேம்ட்டி" என்றார்.

பருத்திக்கு அடிக்கிற அந்தப் பூச்சிமருந்தை இந்தப் பக்கத்தில் அறியாதவர்கள் இல்லை. அதைக் குடித்த எத்தனை பேரைக் கட்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்! அந்த மருந்து ஊறிய மண்ணை எவளோ ஒருத்தி பிரசாதம் என்று முந்தியில் முடிந்துகொண்டு போயிருக்கிறாள். யார் வாயில் போடப்போகிறாளோ?

எங்கள் மகள் ஞானப்பூ, எட்டு மாதக் கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். அறைக்கதவைச் சாத்தியிருந்தாள். பிள்ளைக்குக் காலெல்லாம் சிரங்கு, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும் என்று நினைத்து, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டு பேரும் தெருவில் இறங்கி ஓடினோம்.

ரோட்டில் போகிற பெண்களின் முந்தியையெல்லாம் பார்த்தேன். எல்லார் முந்தியிலும் ஏதோ ஒரு முடிச்சு. எதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வாசுதேவநல்லூர் பஸ் ஒன்று ஆட்களை அப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. அதில் அவள் இருந்தால்? கத்தினேன். திருவிழாக் கடைகளின் பீப்பி ஊதல் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

ரதவீதியில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி மைக்கில் சொல்கிற பந்தல் இருந்தது. அதன் குழாய்களை எங்கள் ரோடு வரைக்கும் கட்டியிருந்தார்கள். மைக் காசிராஜன் கையில். எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர்.

"ஏன் தயங்குதிய? போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"கிருபா, தபசு அன்னைக்குப் புத்துல விசம் ஊத்தினேன்னு இந்தக் கூட்டத்துல சொன்னா, உசுரோட விடுவாங்களாட்டி? அதுவும் நாம வேதக்காரங்க."

அது எனக்கும் பயம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். அவர் மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, "ராஜபாளையம் ரோட்டுல ஒரு வீட்டுத் தோட்டத்துல மண்ணு எடுத்தவங்க, தயவுசெஞ்சு அத உபயோகப்படுத்த வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். யார் வீடு, என்ன மண், ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. சுடுகிற பாத்திரத்தை இறக்கி வைப்பது போல மைக்கைக் கொடுத்துவிட்டார்.

யாரும் வரவில்லை. நின்று நின்று பார்த்தோம். சனம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கர்த்தாவே, அந்த மண் யார் கையில் இருந்தாலும் காப்பாற்றும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவரோடு வீட்டுக்குத் திரும்பினேன். அவள் ஒருவேளை திரும்ப வந்து வேலியோரம் நிற்கலாம் என்று ஒரு நப்பாசை.

வேலியோரம் யாரும் இல்லை. கிணற்றடியில் ஞானப்பூ இருந்தாள். பிள்ளையை மடியில் போட்டு, சோப்பைக் காலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் குழைத்த செம்மண்.

"மைக்குல அப்பா குரல் கேட்டுச்சும்மா. அதுல என்ன இருக்கு? சொல்லுங்களேன், என்ன இருக்கு?"

"வாயில போட்டியா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல. ஒரு கால்லதான் பூசினேன். வாயில போட எடுக்கும்போதுதான் உங்க குரல் கேட்டுச்சு." அவள் தேம்பினாள். "எத்தன களிம்பு போட்டாச்சு, கேக்கலியே. ஒரு அம்மா வேலிக்கு வெளிய நின்னு மஞ்சள் போட்டுக் கும்பிட்டு மண்ணு எடுத்தா. அவ பிள்ளைக்கும் இதே மாதிரிதான் சிரங்கு. அவளப் பாத்துதான் நானும் எடுத்தேன். உங்ககிட்ட கேட்டா விடுவீங்களா?"

தெருக்கோடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், உடனே கழுவியது நல்லதாய்ப் போயிற்று என்றார். மகளையும் பிள்ளையையும் அங்கேயே இருக்கச் சொன்னார். பிள்ளை நிறுத்தாமல் அழுதது. அந்த அழுகை நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே நடந்தார். வீட்டுப் பக்கம் அல்ல, ரதவீதிப் பக்கம்.

இந்தத் தடவை மைக்கை அவரே பிடுங்கினார். "நான் பவுல்பாண்டியன். ராஜபாளையம் ரோட்டுல புல்லு வளத்திருக்கிற வீடு என் வீடு. வேலியோரத்துப் புத்துல நான் எண்ட்ரின் ஊத்தியிருக்கேன். பிள்ளைக்குச் சிரங்குன்னு அங்கன மண்ணு எடுத்த தாயி, எங்க இருந்தாலும் கீழ போட்டுரு. வாயில போட்டுராத." திரும்பத் திரும்பச் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்.

பந்தலைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. "புத்துலயா ஊத்துனாம்லே?" என்று யாரோ கத்தினான். ஒரு கை அவர் சட்டையைப் பிடித்தது. காசிராஜன் குறுக்கே வந்து, "ஏலே, மொதல்ல பிள்ள கெடைக்கட்டும்" என்று அதட்டினார். நான் என் வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். இடுப்பில் பெண்குழந்தை, வாயைச் சுற்றிச் சிரங்கு. பேர் பேச்சித்தாய், ஊர் இளையரசனேந்தலாம்.

"பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். மொதல்ல சொன்னப்ப வேற எங்கயோன்னு நெனச்சேன். புல்லுன்னதும் எறங்கி ஓடியாந்தேன்." முந்தி முடிச்சை அவிழ்த்தாள். மண் அள்ளியது அள்ளியபடி இருந்தது. ஊருக்குப் போய்க் குளிப்பாட்டிவிட்டுப் போடலாம் என்று வைத்திருந்தாளாம்.

காசிராஜன் அதைக் காகிதத்தில் கொட்டி வாங்கிக்கொண்டார். அவள் கையைக் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குய்யா அதுல போயி விசத்த ஊத்துன?"

"புல்லுக்காகத் தாயி. கரையான் புல்லத் திங்குது."

"எத்தன மாடு நிக்கி வீட்டுல?"

"மாடு இல்ல."

அவளுக்கு விளங்கவில்லை. "பொறவு புல்லு எதுக்கு?" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் அவருடைய புல்லைப் பற்றி நான் நூறு சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்தக் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.