கிணறு இறைக்காத மாலை

1

என் பெயர் துவாரகன். வயது இருபத்தாறு. இருப்பது சுவிஸில், வின்டத்தூரில், ஓர் உணவகத்துக்கு மேலே உள்ள அறையில். இதை நான் எழுதவில்லை. தொலைபேசியிடம் சொல்கிறேன், அது எழுதுகிறது. குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவதற்கு. (போட முன்னர் இன்னொரு தடவை யோசிக்க வேண்டும். இந்தக் கதையில் வரும் கதிரவேலுவின் பேரப்பிள்ளைகளும் குழுவில் இருக்கிறார்கள்.)

கதை வந்த வழி இதுதான். செவ்வாய்க்கிழமை எனக்கு அகதி விசாரணை. அதிகாரி முன்னால் வாய் வராது என்று பயம். அம்மாவிடம் சொன்னேன்.

"குணலட்சுமிச் சின்னம்மா கோட்டிலை நிண்டு கதைச்சவ. நீ ஒரு கதிரையிலை இருந்து கதைக்கப் பயப்பிடுறியோ?" என்றார் அம்மா.

கோட்டிலா? நீதிமன்றத்திலா? எங்கள் குடும்பத்திலா? அன்றிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை!

2

தொடக்கம்: "1972ஆம் ஆண்டு ஆவணி வெயிலில் உரும்பிராய்த் தோட்டங்கள்..." வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதையை நானே வாசிக்க மாட்டேன்.

தொடக்கம்: "சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது..." இது கட்டுரைப் போட்டி.

தொடக்கம்: கிணறு இறைபட்டுக்கொண்டிருந்தது.

இதுதான்! பிடித்துக்கொள்ளுங்கள்.

கிணறு இறைபட்டுக்கொண்டிருந்தது. குணலட்சுமி வேலியோரம் நின்று பார்த்தாள். காணி அவளுடைய சீதனம், கிணறும் அதற்குள். பம்ப் மட்டும் அவள் கணவர் கதிரவேலுவினுடையது. காணியின் மூலையில் குடில் போட்டிருந்த இராசமலரின் சாதி ஆட்களை ஊரில் ஒரு கிணற்றிலும் வாளி போட விடமாட்டார்கள். யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். "நீயே அள்ளு மலர்," என்று குணலட்சுமி சொன்னாள். மலர் அள்ளினாள். அன்று மாலையே கதிரவேலு தீட்டுக் கழிய அடிமண் தெரிய இறைத்தார். மறுநாளும் அவள் அள்ளினாள். மறுநாளும் இவர் இறைத்தார்.

"இஞ்சாரும், உவள் அள்ளினால் நான் இறைப்பன்."

"இறையுங்கோ. எண்ணெய் உங்கடை, தண்ணி என்ரை."

"எனக்கே பகிடியோ? புகையிலை வெட்டி முடியட்டும், உவளைக் காணியாலை எழுப்பிக் கலைக்கிறன்."

அந்தச் சொல்லில்தான் குணலட்சுமி முடிவெடுத்தாள். மலர் இருக்கும் இரண்டு பரப்பு நிலத்தையும் கிணற்றையும் மலருக்கே எழுதிவிடுவது.

3

வழக்கறிஞரான பிரக்கிராசியார் தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காணி உம்மடைதான் பிள்ளை. ஆனால் மனுசன் கையெழுத்து வைக்காமல் குடுக்கேலாது. தேசவழமைச் சட்டம் அப்பிடி."

"அவர் வைக்கமாட்டார். வேறை வழி?"

"மரணசாதனம் எழுதலாம், உமக்குப் பிறகு காணி அவளுக்கு எண்டு. அதுக்கு அவரைக் கேக்கத் தேவையில்லை."

"செத்தாப் பிறகு என்ரை காணி எனக்குச் சொந்தமோ?"

"சட்டம் ஓமெண்டுதான் சொல்லுது."

"எனக்கு முப்பத்திநாலு வயசு ஐயா. நான் சாகுமட்டும் மலர் தண்ணி குடியாமல் இருப்பாளோ?"

பிரக்கிராசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு வழி கிடக்கு. நியாயமில்லாமல் மறுக்கிறார் எண்டு கோட்டிலை மனுப் போடலாம், சரியெண்டால் நீதிபதியே சம்மதம் தருவார். ஆனால் உங்கடை பக்கத்துப் பொம்பிளையள் ஒருத்தரும்..."

"போடுங்கோ."

[அப்போது அவள் கண்களில் நெருப்பு... அழி. அவள் கண்களை நான் கண்டதே இல்லை.]

இந்த இடத்தில் எனக்கு அவள்மீது ஒரு சந்தேகம். மலருக்காகப் போனாளா, கணவனோடு இருந்த கோபத்தில் போனாளா? அம்மாவைக் கேட்டேன். "ரெண்டுந்தான்ரா. கோவம் இல்லாமல் ஆர் கோட்டுக்குப் போறது?"

4

வழக்கு நாள்! மனுக்காரியும் எதிராளியும் ஒரே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார்கள். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தது கதிரவேலுதான். அவளுக்கு யன்னலோர இடத்தையும் விட்டார். பின்வரிசையில் மலர்.

கூண்டில் குணலட்சுமி. நீதிமன்ற அலுவலரான கோட்டு முதலியார் கேட்டார்: "எதிர்மனுதாரர் உமக்கு என்ன முறை?"

"அவர்... பிள்ளையளின்ரை தேப்பன்."

"பெயர்?"

அவள் வாய் மூடிக்கொண்டது. (கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று எங்கள் பெண்கள் நம்பினார்கள். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பிள்ளையைக் கொண்டுதான் சொல்விப்பாள்.)

"உதிலை நிக்கிறார்," என்று கையைக் காட்டினாள். பின்னால் வாங்குகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கையைப் பதிவிலை எழுதேலாதம்மா. பெயர்."

கதிரவேலுவும் சிரித்தார் என்று என் மாமா சொல்கிறார். நான் அதை எடுத்துக்கொள்கிறேன். இனி இவள் வாய் திறக்கமாட்டாள், மனுவும் போச்சு, மத்தியான பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் நினைத்திருப்பார்.

குணலட்சுமி வாசலைப் பார்த்தாள். அங்கே மலர், ஒருவர் ஊற்றும்வரை காத்து நிற்பாளே, அப்படியே நின்றாள்.

"கதிரவேலு."

சத்தம் போதவில்லை.

"கதிரவேலு! முருகேசு மகன் கதிரவேலு!"

அவர் சாகவில்லை. நெஞ்சை மட்டும் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "கதிரவேலு, சம்மதம் தர ஏன் மறுக்கிறீர்? காரணத்தைச் சொல்லும்."

காரணமா? அதை அவர் கிணற்றடியில் சொன்னவர், தேத்தண்ணிக் கடையில் சொன்னவர், கோயில் வீதியில் கத்தியே சொன்னவர். ஆனால் சாதி பார்த்து ஆட்களைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்து அப்போதே பதினைந்து வருடம். அந்தக் காரணத்தை நியாயம் என்று எந்த நீதிபதி எழுதுவார்? அவளால் சொல்ல முடியாதது ஒரு பெயர். அவள் அதைச் சொல்லிவிட்டாள். இனி இவர் முறை.

"அது ஐயா... அந்தக் கிணத்திலை..."

"கிணத்திலை?"

5

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. உண்மையாக.

மாமா சொல்வது: "மறுப்பில்லை ஐயா" என்று முணுமுணுத்துவிட்டு அங்கேயே கையெழுத்து வைத்தார்.

அம்மா சொல்வது: வாயே திறக்கவில்லை, அவருக்குப் பதிலாக நீதிபதியே சம்மதம் கொடுத்தார்.

கதிரவேலுவின் பேத்தி சொல்வது: வழக்கென்று ஒன்று நடக்கவே இல்லை.

நானே ஒரு முடிவு செய்து பார்த்தேன். அதில் கதிரவேலு அழுதுகொண்டு மலருக்குத் தண்ணீர்... சீ. அந்த மனிதர் அப்படிச் செய்பவரே அல்லர்.

ஒன்றில் மட்டும் அம்மாவும் மாமாவும் ஒத்துப்போகிறார்கள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பி வந்தார்கள். மலர் நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். கப்பி கிறீச்சிட்டது. ஊர் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தது. பொழுதுபட்டு, விளக்கும் ஏற்றியாயிற்று.

பம்ப் சத்தம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னிடம் முதலில் பெயரைத்தான் கேட்பார்களாம். சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். "அந்தக் கிணத்திலை" என்பதற்குப் பிறகு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குப் பட்டதைக் கீழே எழுதுங்கள். அதற்கு முதல் கதையை ஒருதரம் சத்தமாக வாசியுங்கள். அவர் பெயர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டாம்.