எஸ்டேட் முதலாளியின் படம்

லுக்குட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் தங்கராஜுவைத் தேடி, ஒரு காலையில் உள்ளூர் போலீஸ் கார்ப்பரல் குளோரியா வந்தார். கோலாலம்பூர் இணையக் குற்றப் பிரிவு அவருக்கு ஒரு படத்தை அனுப்பி, ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தது. மானேஜர் பங்களா முன்னால் தங்கராஜு நிற்கும் படம்.

“அண்ணே, இது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“இதுல நீங்க எஸ்டேட் முதலாளி. மனைவி செத்துட்டாங்க. ஏழு பொம்பளைங்களக் கட்டிக்கிறதா ஃபேஸ்புக்கில சொல்லிப் பணம் வாங்கியிருக்கீங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி புனிதா கரண்டியோடு வந்தார். “நான் எப்ப செத்தேன்?”

தங்கராஜுவுக்கு ஃபேஸ்புக்கே இல்லை. தன் போனில் இருந்த அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பியதுமில்லை.

“போன் உங்க கைய விட்டு எங்கயாச்சும் போச்சா?” என்று கேட்டார் குளோரியா.

“கண்ணாடி ஒடஞ்சு, பசார் பக்கத்துப் போன் ரிப்பேர் கடையில மூணு நாள் கெடந்துச்சுலா.”

குளோரியா அதை அப்படியே எழுதி அனுப்பினார். அடுத்த வாரம் கோலாலம்பூர் அதிகாரிகள் வந்து, குளோரியா வழிகாட்ட, போன் கடைக்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வாக்குமூலம் கொடுக்க, குளோரியாவோடு சிரம்பான் போலீஸ் நிலையத்துக்குப் போன தங்கராஜுவைப் பார்த்ததும், அங்கே காத்திருந்த ஓர் அம்மா எழுந்து நின்றார். ஏமாந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

“அவன் இவர் இல்லம்மா. முகம் மட்டுந்தான் இவரோடது,” என்றார் குளோரியா.

“தெரியும்,” என்றார் அந்த அம்மா. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

தங்கராஜு கைகூப்பினார். “மன்னிச்சிருங்கம்மா,” என்றார்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா. ஆறு மாதமாகத் தினமும் ஃபேஸ்புக்கில் அந்தப் படத்துக்கு எழுதி அனுப்பிய கேள்வி அது.

“சாப்பிட்டேன்மா,” என்றார் தங்கராஜு.