இன்னும் பத்து நிமிஷம்

1.

இது ஓர் இரங்கல் குறிப்பாகத் தொடங்கியது. என் மனைவி விதுரியைப் பற்றி நூறு சொல் எழுதித் தரும்படி மலையேற்றக் குழுவின் தலைவன் சேத்தோ கேட்டான், குழுவின் இணையப் பக்கத்தில் போட.

"தனக்குப் பிடிச்ச இடத்துலயே போய்ச் சேந்துட்டாள்னு முடிச்சிடு தம்பி."

முடிக்க மாட்டேன். அவளுக்குப் பிடித்த இடம் எங்கள் சமையலறை ஜன்னல்.

2.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

கிழக்கு வெளுத்தபோது எரிமலை உறங்கிக்கொண்டி... (இல்லை. அது விழித்துத்தான் இருந்தது. மூன்று வாரமாக எச்சரிக்கை. இதற்கு மேல் யாரும் போகக் கூடாது என்று பாதையில் பலகை வைத்திருந்தார்கள். பலகை முழுக்க மலையேற்றக் குழுக்களின் ஸ்டிக்கர்.)

விதுரி சிரித்துக்கொண்டே... (எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில், அலுவலகத்தில் இருந்தேன்.)

மலையின் பெயரை எழுதப் போவதில்லை. அதற்கு விளம்பரம் போதும்.

3.

உடன் போன தோழி லாரஸ் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேர். காலை ஒன்பது மணி. பலகைக்கு முன் உட்கார்ந்து விதுரி காலணியிலிருந்து மணலைக் கொட்டினாள். பையில் ஒரு தாள். எங்கள் வழக்கம்தான்: வராதவர் பெயரைத் தாளில் எழுதி, உச்சியில் பிடித்துக்கொண்டு படமெடுப்பது. என் பிறந்தநாளுக்கு நான்தான் கேட்டிருந்தேன். வழியில் எடுத்தால் செல்லாது, உச்சியில்தான் எடுக்க வேண்டும் என்றேன். விளையாட்டாக. (இந்த வரியை நான்கு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

"நான் இங்கயே இருக்கேன் அண்ணே. பலகையில போட்டிருக்கே" என்றாள் விதுரி.

"பலகைய வெச்சவன் மலையே ஏறியிருக்க மாட்டான்" என்றான் சேத்தோ. "வருஷம் பூரா அதேதான் போட்டிருக்கும்."

"எவ்ளோ நேரமாகும்?"

மேலிருந்து இருவர் இறங்கி வந்தார்கள். முகமெல்லாம் தூசி.

"அவங்களையே கேளேன்."

"அண்ணே, உச்சிக்கு இன்னும் எவ்ளோ தூரம்?"

"கிட்டதாங்க்கா! பத்து நிமிஷம்!"

4.

உண்மையில் ஒன்றரை மணி நேரம்.

ஜாவாவில் மலையேறும் எவனுக்கும் இது தெரியும். இறங்குபவன் ஏறுபவனிடம் எப்போதும் பத்து நிமிடம் என்பான். களைத்தவர் மனம் தளரக் கூடாதாம். மரியாதையாம். அந்த மரியாதையில் இடி விழ.

விதுரிக்கும் தெரியும். லாரஸின் காதில் சொன்னாளாம்: "பத்துன்னா முப்பதுனு வெச்சுக்க. போயிட்டு வந்துடலாம்டி."

முப்பதாக இருந்திருந்தால் பத்து மணிக்குப் பலகைக்குத் திரும்பியிருப்பாள். வழியில் இன்னும் இரண்டு பேரைக் கேட்டார்களாம். பத்து நிமிடம். பத்து நிமிடம். பத்து இருபதுக்கு மலை வெடித்தது. எட்டுப் பேர் இறங்கினார்கள்.

5.

சேத்தோவைக் கொலைகாரனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. பிறகு லாரஸ் சொன்னாள், கால் ஒடிந்த தன்னை முதுகில் சுமந்து இறக்கியவன் அவன்தான் என்று. அவனை முழுதாக வெறுக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பத்து நிமிடம் என்ற அந்த இருவரைத் தேடிப் பிடித்து அறைவதாக ஒரு முடிவு எழுதினேன். கை ஓங்கும் இடத்தில் நின்றுவிட்டது. சென்ற வருடம் வேறொரு மலையிலிருந்து நானும் விதுரியும் இறங்கும்போது, ரப்பர் செருப்போடு மூச்சிரைக்க ஏறி வந்த ஒரு பருத்த மனிதர் என்னிடம் கேட்டார். "இதோ, பத்து நிமிஷம்!" என்றேன். விதுரி என் இடுப்பைக் கிள்ளினாள்.

"புளுகாதடா, பாவம்."

அவர் எப்படித் திரும்பினார் என்று நான் யோசித்ததே இல்லை, இன்று வரை.

6.

ஆகவே பலகைக்கு முன் அவளை மறுபடி உட்கார வைத்திருக்கிறேன். மணி ஒன்பது. சேத்தோவின் பேச்சை அடித்துவிட்டேன். அந்த இருவரையும் அடித்துவிட்டேன். எழுதுபவனால் அவ்வளவுதான் முடியும்.

இப்போது மேலிருந்து இறங்கி வருவது நீங்கள். களைத்திருக்கிறீர்கள். நல்லவர்தான். அவள் காலணியை மாட்டிக்கொண்டு நிமிர்கிறாள். கையில் என் பெயரெழுதிய தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்ங்க?"

சொல்லுங்கள்.