ஆட்சேபணை இல்லை

அலுவலகத்தில் எல்லோரும் அவளை விக்கியக்கா என்றே கூப்பிட்டார்கள், மேலாளர் உட்பட. ஊழியர்கள் தங்கள் வேலை விவரங்களை எழுதி வைக்கும் விக்கி மென்பொருளைச் செய்தவள் அவள்தான். அதில் எது உடைந்தாலும் அவள் தலையில்தான் விடியும்.

அன்று காலை டெஸ்டிங் பெண் வந்து நின்றாள். புரோகிராம் வரிகளைப் போடும் கட்டத்துக்குள் தான் எழுதும் குறிப்புகள் மட்டும் பக்கத்தில் காணாமல் போகின்றன என்றாள். கட்டத்துக்குள் போட்டது போட்டபடி தெரிய வேண்டும் என்பது விக்கியின் பாலபாடம். வெளியே ஒரு சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும். கட்டத்துக்குள் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நிற்க வேண்டும். மறைகுறிப்புக்கும் ஒரு குறி உண்டு. அதற்குள் எழுதியது திருத்துபவருக்கு மட்டும் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. இணையப் பக்கம் எழுதும் மொழியிலும் குறிப்புக்கு அதே குறிதான். கட்டத்துக்குள் அது வந்தால் விக்கி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இதுவோ தன்னுடையது என்று நினைத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

விக்கியக்கா திறந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். முதலில் கட்டங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மறைகுறிப்புகளை நீக்க வேண்டும். அவள் நீக்கிவிட்டுக் கட்டங்களை எடுத்து வைத்திருந்தாள். ஐந்து வருஷமாக இப்படி நடந்தும் ஒருவரும் கேட்கவில்லை. எழுதுகிறவர்கள் தாம் எழுதியதைத் திரும்பிப் படிப்பதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

"யாரு அக்கா இப்படி எழுதினது?" என்றாள் அந்தப் பெண்.

"நான்தான். வேற யாரு."

இரண்டு வரிகளை இடம் மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதனால் மாறிய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அவள் வழக்கம். பதினாறு பக்கங்கள். பட்டியலின் கடைசியில் ரெண்டுவிரலின் பக்கம் இருந்தது.

ரெண்டுவிரல் ஒரு காலத்தில் அவளுடைய எதிர்மேசைக்காரன். கையில் பத்து விரல் இருந்தும் இரண்டால் மட்டுமே தட்டுவான்; அதனால் வந்த பெயர். நேரில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். புரோகிராமுக்குள் குறிப்பு எழுதச் சொன்னால் கடிதமே எழுதுவான். இருவரும் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி அப்படித்தான். இந்த வரி உங்களுக்குப் பிடிக்காது, தெரியும் என்று அவன் எழுதுவான். பிடிச்சிருக்கு என்று அவள் கீழே எழுதுவாள். அந்த ஒரு வார்த்தையை எழுத அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டான். கிளம்பும் நாளில் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு அவள் மேசைக்கு வந்தான். இதோ சொல்லப்போகிறான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க படிச்சீங்களே, அதுவே போதும்" என்றான். அவ்வளவுதான்.

அவள் பரிசீலித்துக் கொடுத்த அவனுடைய கடைசிப் பக்கத்தைச் சொல்கிறான் என்று நினைத்தாள். இதைச் சொல்லவா ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது, ஏக்கம்தான் ஆறவில்லை. எதிர்மேசையில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவளுக்கு ஆகவில்லை. வாயே திறக்காமல் போனவனுக்காக இன்னும் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய் என்று தங்கை கேட்கும்போதெல்லாம், அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்போது திறந்தது அந்தக் கடைசிப் பக்கம். எழுதியவரையும் பரிசீலிப்பவரையும் தவிர வரைவை யாரும் பார்க்க முடியாது. அந்தத் திட்டமே கைவிடப்பட்டதால் அது வரைவாகவே கிடந்தது. முதல் கட்டம், இரண்டாவது கட்டம், எல்லாம் பார்த்ததுதான். மூன்றாவது கட்டத்தின் நடுவில், அன்றைக்கு இல்லாத சில வரிகள் நின்றன.

'வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. போக மனமில்லை. உங்களை விட்டுப் போக மனமில்லை என்பதுதான் சரி. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள், இருந்துவிடுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல எழுதுங்கள். புரிந்துகொள்வேன்.'

எழுதியதைச் சேமித்து மூடிவிடுவான். பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒருநாளும் பார்க்க மாட்டான். அதற்காக அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். அவளோ திருத்தும் திரைக்குப் போகாமல் பக்கத்தை மட்டும் படிக்கிறவள்.

பரிசீலனைப் பகுதியில், அவன் எழுதிய அதே நாள் தேதியிட்டு, அவள் எழுதியது இருந்தது: 'இரண்டு முறை படித்தேன். ஆட்சேபணை இல்லை.'

அவனுடைய பக்கம் என்பதால்தான் அன்று இரண்டு முறை படித்தாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் டெஸ்டிங் பெண் பார்த்துவிட்டாள். "என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. திருத்தம் வேலை செய்யுது."

அந்தப் பெண் போன பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கினாள். 'இந்தப் பக்கம் மாறினால் மெயில் பெறுவோர்: ஒருவர்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. அந்த இடத்தில் அவள் டிக் அடித்ததே இல்லை. போனவர்களின் பதிவை நீக்க வேண்டியதும் அவள் வேலைதான். அவனுடையதை மட்டும் நீக்க அவளுக்குக் கை வரவில்லை. அதில் அவன் கொடுத்திருந்தது தன் சொந்த மெயில் முகவரி.

நாலு வருஷம் ஆகிவிட்டது. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். முகவரியையே மாற்றியிருக்கலாம். இதையெல்லாம் யோசித்தபடியே அவள் தன் பழைய வரிக்குக் கீழே எழுதினாள்.

'இன்றைக்குத்தான் படித்தேன். ஆட்சேபணை இருக்கிறது.'

சேமித்தாள். எழுதியது சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.