முதல் படகு

1976இல் மெல்பேர்ண் முதியோர் இல்லமொன்றில் நான் தாதியாக இருந்தேன். மாதம் ஒருமுறை தீ ஒத்திகைக்கு மணி அடிப்போம். எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். பாரன் எகோன் மட்டும் கதிரையை விட்டு எழும்பமாட்டார். அவர் ஜெர்மன் பிரபு, கடற்படையில் கப்டனாக இருந்தவர். கப்பலை விட்டுக் கப்டன் கடைசியாகத்தான் இறங்குவார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தத் திமிரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் மகள் ரேணுவையும் கூட்டிப்போயிருந்தேன். நாங்கள் பாரனின் அறையில் நிற்கும்போது மணி அடித்தது.

“நீ முதல்ல ஓடு பிள்ளை!” என்று அவளைத் தள்ளினேன். பாரன் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கோ! பிள்ளையள்தான் முதல்ல போகவேணும்!” என்று அவரிடம் கத்தினேன்.

“நானும் அப்படித்தான் சொன்னேன்” என்றார். “போரின் கடைசிக் குளிர்காலம். அகதிகளோடு வந்த என் கப்பலில் குண்டு விழுந்தது. மனைவியையும் இரண்டு மகள்களையும் முதல் படகில் நானே ஏற்றினேன். அது கவிழ்ந்துவிட்டது.”

மணி நின்றது.

“நீங்கள் எப்பிடித் தப்பினனீங்கள்?” என்று கேட்டேன்.

ரேணுவின் கையை அவர் இன்னும் விடவில்லை.

“கப்பல் மூழ்கவேயில்லை” என்றார்.